தண்டுகள் கழற்றப்படாத பெட்டி

இஸ்ரேலின் தென்கோடி நகரான எய்லாத்திலிருந்து அரபா பள்ளத்தாக்கு வழியாக வடக்கே அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் திம்னா வருகிறது. செந்நிறக் குன்றுகள், மணல், ஆங்காங்கே முள் நிறைந்த வேல மரங்கள். இங்கேதான், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்து சென்ற வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தை வேதாகம அளவுகளின்படி முழு உருவில் அமைத்திருக்கிறார்கள். மாதிரிதான், பசும்பொன் கிடையாது. ஆனால் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய எசியோன்கேபேர் இந்தப் பக்கத்துச் செங்கடல் கரையில்தான் இருந்தது. அவர்கள் பட்ட வெயிலில் நின்று இதைப் பார்க்க வாய்த்ததைக் கர்த்தருடைய தயவாகவே எண்ணுகிறேன்.

இதே திம்னாவில், சாலொமோனின் தூண்கள் எனப்படும் பாறைகளின் அடிவாரத்தில், எகிப்தியச் சுரங்கக்காரர்கள் ஹாத்தோர் தேவதைக்குக் கட்டிய சிறுகோயிலின் இடிபாடுகளும் உண்டு. 1969-இல் தொல்லியலாளர் பெனோ ரோத்தன்பெர்க் அதை அகழ்ந்தபோது, பிற்பாடு மீதியானியர் அங்கே துணிக்கூடாரம் போட்டு வழிபட்டதற்கான தடயங்களும், தலையில் பொன் பூசிய சிறு செம்புப் பாம்பு ஒன்றும் கிடைத்தன. வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தோடு அதை முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆயினும் மோசேயின் மாமன் எத்திரோ மீதியான் ஆசாரியன் என்பது நினைவுக்கு வராமல் இருக்குமா?

பிராகாரம் நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம். கிழக்கு வாசலில் நுழைந்தால் தகனபலிபீடம், அதற்கப்பால் வெண்கலத் தொட்டி. எங்கள் குழுவின் பெண்கள் தொட்டியருகே வெகுநேரம் நின்றார்கள். ஆசரிப்புக் கூடார வாசலில் கூடிய ஸ்திரீகள் தங்கள் தர்ப்பணங்களை, அதாவது முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளை, கொடுத்தார்கள். முகம் பார்த்த அந்த வெண்கலத்தில்தான் ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டியைக் கைவினைஞன் பெசலெயேல் செய்தான்.

கூடாரப் பலகைகள் நிற்கும் பாதங்களைக் குனிந்து பாருங்கள் என்றார் போதகர். வேதத்தின்படி அவை வெள்ளி. 6,03,550 ஆண்கள் ஆளுக்கு அரைச்சேக்கல் கொடுத்துச் சேர்ந்த வெள்ளி அது. பணக்காரன் கூடுதலாகத் தரக்கூடாது, ஏழை குறைத்துத் தரக்கூடாது. அந்தச் சமமான காணிக்கையின்மேல்தான் பரிசுத்த ஸ்தலம் நின்றது.

உள்ளே குத்துவிளக்கு, தேவசமுகத்தில் அப்பம் வைக்கும் சமுகத்தப்ப மேஜை, தூபபீடம், திரைச்சீலைக்கு அப்பால் பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி. எல்லாரும் பெட்டியின் மூடிமேல் சிறகு விரித்த கேருபீன்களைப் பார்த்தார்கள்; என் கண் பெட்டியின் தண்டுகளில் நின்றுவிட்டது. மேஜைக்கும் பீடங்களுக்கும்கூட வளையங்களும் தண்டுகளும் உண்டு. ஆனால் பெட்டியின் தண்டுகளை மட்டும் எந்நேரமும் கழற்றவே கூடாது என்பது கட்டளை. கூடாரத்தின்மேல் தங்கிய மேகம் எழும்பினால் ஜனங்கள் புறப்பட வேண்டும்; அவர்களோடு புறப்பட ஆண்டவர் எப்போதும் ஆயத்தமாக இருந்தார். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

கூடாரத்தைச் சுமந்த லேவியரில், திரைகளைச் சுமக்கும் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டிகள். பலகைகளையும் பாதங்களையும் சுமக்கும் மெராரி புத்திரருக்கு நான்கு. கோகாத் புத்திரருக்கு ஒன்றும் இல்லை. பரிசுத்தமானவற்றை அவர்கள் தோளில் சுமக்க வேண்டும். எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தை நீண்ட காணிக்கைப் பட்டியல் என்று தாண்டிப் போகிறவர்கள் இந்த வசனத்தையும் தவறவிடுகிறார்கள்.

பிராகாரத்துக்கு வெளியே வந்ததும், பெட்டி புறப்படும்போதும் தங்கும்போதும் மோசே செய்த ஜெபத்தைப் போதகர் வாசித்தார். "கர்த்தாவே, எழுந்தருளும்" என்ற வரியை எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.