இரண்டு வானொலிகளும் எங்கள் ஆங்கில சேரும்

வட்டுக்கோட்டையில் ஆங்கிலக் கல்வியைத் தொடக்கி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். நாட்டை ஆண்டவர்கள் பிரித்தானியர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறிமார் 1823இல் தொடங்கிய செமினறி என்ற உயர்கல்விக்கூடத்துக்கு முதல் தலைவராக இருந்த டானியல் பூவர், மசாசூசெற்ஸ் மாநிலத்தவர். அது 1855இல் மூடப்பட்டு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்த கதையை இந்த மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாடநூல், சோதனை, உச்சரிப்பு எல்லாம் லண்டனைப் பார்த்தே நடந்தன. அமெரிக்க ஆங்கிலம் கெட்டுப்போன ஆங்கிலம் என்று ஊரில் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மேல்வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த ஆங்கில சேர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. இரவில் சிற்றலையில் பி.பி.சி.யையும் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவையும் மாறி மாறிக் கேட்டுவரச் சொல்வார். பின்னதில் ஸ்பெஷல் இங்கிலிஷ் என்றொரு நிகழ்ச்சி. 1959இல் தொடங்கியது, ஏறக்குறைய 1500 சொற்களுக்குள் நின்று, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காக வாசிப்பார்கள். ஆங்கிலம் புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பயிற்சி அப்போது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மறுநாள் காலை கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் லண்டன், வலப்பக்கம் அமெரிக்கா. கேட்டதைக் கேட்டபடி தமிழெழுத்தில் எழுதவேண்டும். தண்ணீருக்கான சொல்லை இடப்பக்கம் ‘வோற்ற’ என்று எழுதினோம். வலப்பக்கம் ஒருவன் ‘வாடர்’ என்று எழுத, வகுப்பில் பெரிய வாக்குவாதம். சேர் அதை அழிக்கவில்லை. “‘பாடம்’ எண்டு சொல்லிப் பாருங்கோ, நாக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார். நாநுனி மேலே ஒருதரம் தட்டிவிட்டுக் கீழே வருகிறது. அமெரிக்கர் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ‘ற்ற’வை அழுத்தாமல் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்றார். மொழியியல் நூல்கள் இதை விளக்குவதைப் பிற்காலத்தில் வாசித்தேன். தமிழ்ப் பிள்ளைக்கு அதைவிட நேராக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்து லண்டனுக்கு வந்தேன். வேலைத்தலத்தில் என்னோடு நின்ற கிழக்கு லண்டன்காரர்கள் பி.பி.சி. போலப் பேசவில்லை. அதே சொல்லில் ‘ற்ற’ வரவேண்டிய இடத்தில் தொண்டையை ஒருகணம் அடைத்துத் திறந்தார்கள். கரும்பலகையில் மூன்றாவது பத்தி ஒன்றும் தேவைப்பட்டிருக்கும்.

அங்கிருந்து பொஸ்ரனுக்கு மாறியபோது ‘ர்’ என்ற ஒலி என்னைப் பிடித்துக்கொண்டது. ‘கார்’ என்பதை லண்டனில் ‘காஅ’ என்று முடிப்பார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘ர்’ நன்றாகக் கேட்கும். பழையது எது? லண்டனில் இந்த ஒலி மெலிவதை ஜோன் வோக்கர் 1791இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலேயே குறித்திருக்கிறார். அதற்கு முன்பே கடல்கடந்தவர்களில் மிகப் பலர் ‘ர்’ ஒலியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே இந்த ஒன்றில் அமெரிக்கரே பழைய வழக்கைக் காத்தவர்கள். ஆனால் பூவர் பிறந்த மசாசூசெற்ஸின் கிழக்குப் பகுதியில், பொஸ்ரனின் பழங்குடும்பங்களில், இன்றும் ‘காஅ’ கேட்கலாம்!

நியூயோர்க்கில் 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நாலாம் மாடியில் கிடைக்கும் பொருளை விசாரித்தார். பதிலாக வரும் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற இரண்டு சொற்களிலும் ‘ர்’ உண்டு. விலைகூடிய கடையின் பணியாளர்கள் அதைக் கூடுதலாக உச்சரித்தார்கள், மலிவுக் கடையில் குறைவாக. லண்டனில் விட்டால் கௌரவம் என்ற ஒலி, நியூயோர்க்கில் சொன்னால் கௌரவம். ஒலியில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. உயர்த்துவதும் தாழ்த்துவதும் கேட்பவர்கள்தான். ஊரில் ‘கெட்டுப்போன ஆங்கிலம்’ என்றவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்ட இன்றும் ஆசை.

இங்கே புதிதாக வரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ‘முடியும்’, ‘முடியாது’ என்பதற்கான சொற்களை லண்டனில் ‘கன்’, ‘கான்ற்’ என்று உயிரொலியாலேயே பிரித்துவிடலாம். அமெரிக்கர் வாயில் இரண்டாவது ‘கேன்’ என்றே கேட்கும். கடைசி ஒலி பெரும்பாலும் தொண்டையில் நின்றுவிடும். அதைத் தேடாதீர்கள். அந்தச் சொல்லை விரைவாக மெலித்துவிட்டு, பின்வரும் வினைச்சொல்லை அழுத்தினால் ‘முடியும்’. அந்தச் சொல்லே நீண்டு அழுத்தமாக வந்தால் ‘முடியாது’. தொலைபேசியில் மருந்து, பணம், நேரம் பேசும்போது இது முக்கியம்.

இராகமும் பொருளை மாற்றும். சென்ற ஆண்டு எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளைகளின் கூட்டத்தில், புலமைப்பரிசில் திட்டத்தைப் பற்றி லண்டன் நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் ‘குவைற் குட்’ என்றார். குரல் இறங்கி, முடிவில் சற்று ஏறியது. பரவாயில்லை, ஆனால் இன்னும் குறையிருக்கிறது என்பதே அவர் கருத்து. ரொறன்ரோவிலும் நியூஜேர்சியிலும் இருந்தவர்கள் மிக நன்று என்று பாராட்டியதாக எடுத்துக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். நான் இடைமறித்து அவரிடமே கேட்கச் சொன்னேன். கிராமப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய தொகை போதாது என்று அவர் விளக்கினார். அன்றே அதைக் கூட்டித் தீர்மானித்தோம்.