வலி மருந்துதானே

அன்று தொலைபேசியில் நான் சொன்னது மூன்றே சொற்கள்: "கொடு, வலி மருந்துதானே." அந்தத் 'தானே' இன்னும் செரிக்கவில்லை.

எங்கள் புற்றுநோய் ஆய்வகத்தில், அறுவை முடிந்த எலிகளுக்கு வழக்கமாகப் போடும் புப்ரெனார்பின் என்ற வலி மருந்து தீர்ந்திருந்தது. "எலிகள் முதுகைக் கூனிக்கொண்டு கிடக்கின்றன, அக்கா. மெலாக்சிகாம் இருக்கிறது, போடட்டுமா?" என்று மாணவி கேட்டாள். ஓர் உயிரை வலியில் விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அதை நினைத்துத்தான் சொன்னேனா, பேச்சைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னேனா?

மெலாக்சிகாம் முக்கியமாகக் காக்ஸ்-2 நொதியைத் தடுக்கும். அதனால் அந்த நொதி உருவாக்கும் புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் குறையும்; வலியும் வீக்கமும் தணியும். அதே இ2வைத்தான் பல புற்றுக்கட்டிகள் நோயெதிர்ப்புச் செல்களுக்கு எதிரான கவசமாகப் பூண்டிருக்கின்றன. அது இயற்கைக் கொல்லி செல்களை அடக்கும், டென்ட்ரிடிக் செல்கள் கட்டிக்குள் திரள்வதைக் கெடுக்கும், டி செல்கள் பெருகவிடாது. நாங்கள் சோதித்துக்கொண்டிருந்ததோ டி செல்களைத் தூண்டும் ஒரு சிகிச்சை. இதையெல்லாம் அந்த மாணவிக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

மெலாக்சிகாம் போட்ட அந்த எலித் தொகுதியில் கட்டிகள் சிறியவையாகவே இருந்தன, சிகிச்சை பெறாத ஒப்பீட்டு எலிகளிலும்கூட. காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, தொகுதியைக் கணக்கிலிருந்து நீக்கினேன். எதையும் மறைக்கவில்லை.

"நீக்கிவிட்டால், நாம் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடாதா, அக்கா?"

"திட்டத்தில் இல்லாத மருந்து. இது குழப்பம், முடிவு அல்ல."

சரியான பதில்தான். ஆனாலும், அறுவையால் எழும் அழற்சி, தொலைவில் அடங்கிக் கிடந்த கட்டிகளை வளரவிடுகிறது என்றும், அந்த நேரத்தில் கொடுத்த மெலாக்சிகாம் அதைக் குறைத்தது என்றும் 2018இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் கூண்டுகளில் தெரிந்தது அதன் ஒரு மூலையாக இருந்திருக்கலாம்.

அவசரப்படக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. காக்ஸ் நொதிகளைத் தடுக்கும் இன்னொரு மருந்து ஆஸ்பிரின். பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடான லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களில், நாளுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் அந்தப் புற்றுநோயைக் குறைத்தது. 19,114 முதியோர் பங்கேற்ற ஆஸ்ப்ரீ ஆய்விலோ, நாளுக்கு 100 மில்லிகிராம் எடுத்தவர்களிடையே புற்றுநோய் மரணங்கள் கூடின. ஒரே மருந்து! ஒரு கூண்டு எலிகளை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? என் எச்சரிக்கை நியாயமானது. நியாயமான எச்சரிக்கை என்றால், அந்தச் சோதனையை முறையாகத் திட்டமிட்டுத் திரும்பச் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. புப்ரெனார்பினும் ஓர் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் போன்ற வலி மருந்து. அந்த வகை மருந்துகளும் நோயெதிர்ப்பைத் தொடக்கூடியவை. தணிக்காத வலியும் அழுத்த ஹார்மோன்கள் வழியே அதையே செய்யும். எல்லா எலிகளுக்கும் ஒன்றுபோலக் கொடுத்ததால், புப்ரெனார்பினை ஒரு மருந்தாகவே நான் எண்ணவில்லை. நான் 'சுத்தம்' என்று வைத்துக்கொண்ட தொகுதிகள் எதிலிருந்து சுத்தமானவை?

அந்தக் குறிப்பேட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். 'நீக்கப்பட்டது' என்ற என் கையெழுத்துக்குக் கீழே, மேலும் ஒன்பது நாட்களுக்கான கட்டி அளவுகள் பென்சிலில் இருந்தன. அவள் அளப்பதை நிறுத்தவில்லை.