கணக்கில் வராத நடை

போக்குவரத்துத் திட்டமிடல் வேலையில் சேர்ந்த புதிதில், பயணக் கணக்கெடுப்புப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் ஒரு பெண்ணின் காலை நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது. குழந்தையோடு பள்ளி வரை 15 நிமிட நடை. அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு 8 நிமிடம். பேருந்திலிருந்து இறங்கி ரயில் நிலையத்துக்கு 5 நிமிடம். ரயிலை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு 10 நிமிடம்.

எங்கள் விதிப்படி, அதிக தூரம் போன வாகனம்தான் அந்தப் பயணத்தின் முதன்மை முறை. ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான நடையைச் சேர்க்க வேண்டாம். ஆக, அட்டவணையில் அவருக்குக் கிடைத்தது 'ரயில் 1' மட்டும். 38 நிமிடம் நடந்த கால்கள் எங்கேயும் இல்லை.

டிக்கெட் உள்ள பயணத்தை எண்ணுவது எளிது. 1981இல் பாரிஸ்–லியோன் அதிவேக ரயில் வந்ததும் விமானப் பயணிகள் பலர் ரயிலுக்கு மாறியது தெளிவாகத் தெரிந்தது அதனால்தான். நாங்கள் அதிகம் நம்பும் அளவுகோலான பயணி-கிலோமீட்டரும் (பயணிகளின் எண்ணிக்கையை அவர்கள் போன தூரத்தால் பெருக்கியது) தூரத்தின் பக்கமே சாய்கிறது. ஒருவர் 3,000 கிலோமீட்டர் பறந்தால், 600 பேர் தலா 5 கிலோமீட்டர் பேருந்தில் போனதற்குச் சமம். வரைபடத்தில் விமானக் கோடு மேலே ஏறுவதைப் பார்த்து எல்லோரும் அந்தப் பக்கமே ஓடிவிட்டதாக நினைப்பது தப்பு. அந்த 600 பேரும் தினமும் போகிறார்கள்.

2019இல் உலக அளவில் சுமார் 450 கோடியாக இருந்த விமானப் பயணிகள் எண்ணிக்கை, 2020இல் ஏறக்குறைய 180 கோடியாக விழுந்தது. எங்கள் பேருந்து, ரயில் கோடுகளும் சரிந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தார்கள். திரையில் அவர்களுக்கு ஒரு கோடுகூட இல்லை. அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. எண்ணாத நடைக்கு நடைபாதை கேட்டு யாரிடம் போவது?

அடுத்த கணக்கெடுப்பில் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் படிவத்தில் தனி வரி வேண்டும் என்று கேட்டேன். படிவம் நீளும், பதிவு வேலை இரட்டிப்பாகும் என்றார்கள். உண்மைதான், ஆனது. சரி, ஆகட்டும் என்று பிடிவாதமாக நின்றேன், மேலதிகாரி ஒப்புக்கொண்டார்.

புது முறை வந்ததும் அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தேன். ரயில் 1, பேருந்து 1, நடை 4.