மூன்றாம் ஆண்டை எங்கே தொடங்குவது?

மார்ச் 4

இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஒன்று, பெயரைச் சொன்னவுடன் உறவினர்கள் அனைவரும் தலையசைக்கும் பெரிய பல்கலைக்கழகம். மற்றது, இயந்திரப் பொறியியல் படிப்பவர்கள் மட்டுமே அறிந்த சிறிய பல்கலைக்கழகம். இரண்டு ஆண்டுப் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இடையில் போய்ச் சேர்கிறவன் என்பதால், அதில் எவ்வளவு என்னுடன் வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 7

இங்கே 10 வாரப் பருவங்களில் 90 கிரெடிட் முடித்திருக்கிறேன். பெரிய பல்கலைக்கழகம் ஏறத்தாழ 15 வார செமஸ்டர் முறையைப் பின்பற்றுவதால், மூன்றில் இரண்டு பங்காகக் கணக்கிட்டு 60 கிரெடிட்டையும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. அதைப் படித்து நிம்மதியாக உறங்கச் சென்ற நான், காலையில் இணைப்பைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை நிலை புரிந்தது. ஏற்கப்பட்ட பாடங்களில் சில, பட்டத்துக்குத் தேவையில்லாத பொது விருப்பப் பாடங்கள் என்ற தலைப்பின் கீழ் கிடந்தன. அவற்றுள் ஒன்று வெப்ப இயக்கவியல்.

மார்ச் 9

வெப்ப இயக்கவியல் எனக்கு 4 கிரெடிட் பாடம். செமஸ்டர் கணக்கில் அது 2.67 ஆகிறது. அங்கே அது 3 கிரெடிட். பின்னம்தான் தடை என்றால் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் நீராவிச் சுழற்சியும் குளிர்பதனச் சுழற்சியும் எங்கள் அடுத்த பருவப் பாடத்தில்தான் வருகின்றன என்பதால் அவர்கள் மறுத்ததைக் குறைகூற முடியவில்லை. ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் செமஸ்டரில் வெப்ப இயக்கவியலை மீண்டும் படித்து, ஆறாவதில் வெப்பப் பரிமாற்றமும் ஏழாவதில் வெப்ப அமைப்பு வடிவமைப்பும் முடித்த பிறகே இறுதியாண்டுத் திட்டப்பணியில் சேர முடியும். அந்தத் திட்டப்பணி கல்வியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே ஆரம்பமாகிறது. ஒரே ஒரு பாடத்தால் முழுதாக ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது.

மார்ச் 13

சிறிய பல்கலைக்கழகமும் 10 வாரப் பருவ முறைதான் என்பதால் வெப்ப இயக்கவியல் அப்படியே ஒத்துப்போயிற்று. பொருள்களின் வலிமை குறித்த பாடத்துக்கு மட்டும் வாரவாரியான பாடத்திட்டத்தையும் ஆய்வகக் குறிப்பேட்டையும் கேட்டார்கள். இன்று அத்துறைப் பேராசிரியர் காணொளி அழைப்பில் வந்து, மைல்டு ஸ்டீல் இழுவிசைச் சோதனைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் வரவேண்டிய இடத்தில் எனக்கு 30 கூட வந்திருக்கவில்லை. காரணம் கேட்டார். மாதிரித் துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரை அதன் மீது பொருத்தாமல், இயந்திரத்தின் தலைப்பகுதி நகர்ந்த தூரத்தையே நீட்சியாக எடுத்துக்கொண்டேன் என்றும், பிடியின் வழுக்கலும் இயந்திரச் சட்டத்தின் நெகிழ்வும் அதில் சேர்ந்துவிட்டன என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, பிழையை அழிக்காமல் குறிப்பேட்டிலேயே விட்டுவைத்தது நல்லது என்றார். என் பாடத்தை இவ்வளவு அருகில் வைத்து ஒருவர் படித்தது இதுவே முதல் முறை.

மார்ச் 16

அங்கீகாரத்தைச் சரிபார்த்தேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்காக 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையின் உறுப்பு அமைப்புகள், பல்கலைக்கழகத்தை அல்ல, தனித்தனிப் பட்டப்படிப்பையே அங்கீகரிக்கின்றன. இரண்டு இடங்களிலும் இயந்திரப் பொறியியலுக்கு அங்கீகாரம் இருக்கிறது.

மார்ச் 20

எனக்கு முன்பு இடம் மாறிய அக்கா ஒருவரிடம் பேசினேன். கிரெடிட் மட்டுமே கூட வரும், மதிப்பெண் சராசரி புதிதாகத் தொடங்கும் என்று எச்சரித்தார். முதல் பருவத்திலேயே கடினமான பாடங்களை அடுக்கிக்கொண்டதால் அவருடைய சராசரி சரிந்து, பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் காட்டுவதற்கு வேறு எண்ணே இல்லாமல் போயிற்றாம். முதல் பருவத்துக்கு மூன்று பாடங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 24

சிறிய பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான், பெரிய பெயரைக் கைவிடுகிறாயே என்றார். அம்புக்குறி போட்ட தாளை அவர் முன் வைத்து, கூடுதலாக ஓர் ஆண்டு எங்கே நுழைகிறது என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "திட்டப்பணி இங்கே எப்போது தொடங்கும்?" என்று மட்டும் கேட்டார்.