சிலாப் போடுகிற நாளில் எங்கே நிறுத்துவது

மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர்கள் சிலாப், அதாவது கொங்கிறீற் தட்டு, போட நாள் பார்த்துத்தான் குறிப்பார்கள். நாள் என்னவோ நல்லதுதான். மிக்சர் நிற்கும், கரண்ட் போகும், ஊரில் ஒரு மரணம் என்றால் அணியில் பாதிப் பேர் மரண வீட்டில் நிற்பார்கள். இவை ஒன்றையும் தடுக்க முடியாது. ஆனால் வேலையை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதை முதல் நாள் பின்னேரமே முடிவுசெய்து வைக்கலாம். அதைச் செய்யாத இடங்களில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

30 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குலத் தடிப்பு என்று வைப்போம். 250 கன அடி, அதாவது இரண்டரை கியூப். 1:2:4 கலவையில் (சீமெந்து ஒன்று, மண் இரண்டு, கல் நான்கு) கியூபுக்கு 18 பை சீமெந்து வீதம் 45 பை, பீம் தனிக்கணக்கு. ஒரு பை மிக்சரில் 45 சுற்று. சுற்றுக்கு 4 நிமிடம் என்றால் கடதாசியில் 3 மணித்தியாலம். ஆனால் கலவை மேலே ஏறுகிற வேகம்தான் வேலையின் வேகம். காலை 7 மணிக்குத் தொடங்கினாலும் பகல் ஒரு மணிக்கு முன் முடியாது. காத்தான்குடி, ஏறாவூர் மேசன்மார் உள்ள அணியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சிலாப் போட்டுவிட்டு, ஜும்ஆவுக்கு ஆட்கள் போனதைத் 'தடங்கல்' என்று சொல்லக்கூடாது. அது திட்டத்தின் பிழை.

நிறுத்தும் கோடு பீமுக்கோ சுவருக்கோ பக்கத்தில் வரக்கூடாது. இரண்டு தாங்கலுக்கும் இடைப்பட்ட நீளத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்குக்குள் வரவேண்டும். நடுவில் பீம் வைத்து 15 அடியாக இரண்டு பகுதி என்றால், ஒவ்வொன்றிலும் 5 அடிக்கும் 10 அடிக்கும் இடையில். ஓரப் பலகையில் பெயின்றால் குறித்துவிட்டு, கம்பி நுழைய வெட்டு வைத்த பலகை ஒன்றையும் தயாராக வைக்க வேண்டும். கலவையைச் சரிவாக விட்டு நிறுத்துவது எளிது. அந்த மெல்லிய நுனியில்தான் பிறகு ஒழுக்கு.

மிக்சர் நின்றால் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் அடுத்த கோட்டுக்குள்ள தூரத்தை அளக்க வேண்டும். 4 அடி மிச்சம் என்றால் 33 கன அடி, 6 பை. தகரத்தில் கொட்டி மண்வெட்டியால் குழைத்து முடிக்கலாம்; கைக்கலவைக்குச் சீமெந்து பத்திலொரு பங்கு கூடுதலாகப் போகும். 10 அடி மிச்சம் என்றால் 15 பை. பாதி ஆட்களை வைத்துக்கொண்டு அது ஆகாது. கடந்து வந்த கோட்டுக்கே திரும்பி, அதற்கு அப்பால் கிடக்கும் பச்சைக் கலவையை வாரி எடுத்துவிட வேண்டும். இரண்டு பை போகிறதே என்று வீட்டுக்காரர் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

மிக்சர் திரும்ப ஓடினால் பழைய விளிம்பில், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைபிரேற்றரின் தலையை வைத்துப் பார்க்கலாம். தன் பாரத்திலேயே இறங்கி, எடுத்ததும் குழி மூடினால் தொடரலாம். குழி அப்படியே நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். எங்கள் வெயிலில் அரை மணித்தியாலத்திலேயே கலவை முறுகத் தொடங்கிவிடும்.

தண்ணீர் பைக்கு 27 லீற்றர் வீதம் 1,200 லீற்றருக்கு மேல் வேண்டும். கழுவ, நனைக்க வேறு. கரண்ட் போனால் மோட்டரும் போகும். அதனால் 1,000 லீற்றர் தாங்கி இரண்டு முதல் நாளே நிரம்பியிருக்க வேண்டும். கடற்கரை, களப்போரப் பகுதிகளில் பக்கத்து வளவுக் கிணறு ஆசை காட்டும். வாயில் வைத்துப் பார்த்து உவர்த்தால் தொடக்கூடாது. உப்பு கம்பியைத் தின்னும். பவுசர் வரும்வரை இருக்கலாம்.

மழை வேறு வகை. மண் நனைந்தால் மிக்சரில் ஊற்றும் தண்ணீரைக் குறைக்க வேண்டும்: ஒரு சுற்றுக்குப் போகும் இரண்டு பெட்டி மண் 100 கிலோவுக்கு மேல், 5 வீத ஈரம் என்றாலே 5 லீற்றர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தூறலுக்கு வேலையை விடத் தேவையில்லை. பெருமழை என்றால் போட்ட இடத்தைப் பொலித்தீனால் மூடி, மழை விட்டதும் மேலே நிற்கும் தண்ணீரை வழித்துவிட வேண்டும். ஈரத்தை இழுக்கட்டும் என்று சீமெந்துத் தூளைத் தூவுகிற பழக்கத்தை மட்டும் நிறுத்தினால் போதும், பாதிச் சிலாப் பொருக்குக் கிளம்பாமல் தப்பும்.

எது குழம்பினாலும் முதலில் பார்க்க வேண்டியது சிலாப்பின் அடிப்பலகையைத் தாங்கும் முட்டுகளை. கீழே ஓர் ஓடாவி (தச்சர்) நின்றபடியே இருக்க வேண்டும். ஆள் குறைந்தது என்று அவரை மேலே கூப்பிடக்கூடாது. ஆப்பு இளகினால் "மறுகா பார்ப்பம்" என்ற பேச்சே இல்லை, மேலே எல்லாம் நிற்க வேண்டும். அடுத்தது பீமுக்கு மேலே வரும் மேல்கம்பி: அவசரத்தில் மிதிபட்டு அடியில் போய்விட்டால் வெடிப்பு அங்கேதான். நடக்கப் பலகை போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. மேல்முகம் அழகாக வரவில்லையே என்ற கவலை எல்லாவற்றுக்கும் கடைசி.

மறுநாள் நிறுத்திய கோட்டில் வைத்த பலகையைக் கழற்றி, கம்பித் தூரிகையால் கல் தெரியத் தேய்த்துக் கழுவி, நனைத்து, சீமெந்துக் கூழ் பூச வேண்டும். கூழ் காயுமுன் புதுக்கலவை விழ வேண்டும். காய்ந்த கூழ் இரண்டையும் ஒட்டவிடாது. ஆகவே மிக்சர் முதல் சுற்றைக் கொட்டத் தயாரான பிறகுதான் கூழ் வாளியைக் கையில் எடுக்க வேண்டும்.