மரத்தடியில் ஒதுங்கும் பிள்ளைகள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி எடுக்கிறேன். திடலுக்குப் போனதும் சில பிள்ளைகள் மரத்தடியைப் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். "வயிறு வலிக்குது டீச்சர்", "ஷூ கடிக்குது டீச்சர்". ஆசிரியர் அறையில் இவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இவர்களில் பலருக்கு அடுக்குமாடி வீடு. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டால் வேன், அப்புறம் டியூஷன். கீழே இறங்கி விளையாட விட அம்மாவுக்குப் பயம். மோட்டார் சைக்கிள்கள் பறக்கிற இடம் அது. புகைமூட்டக் காலம் வந்தால் பள்ளித் திடலும் கிடையாது. பந்தைப் பிடித்துப் பழகாத கை, நான்காம் ஆண்டுக்கு வரும்போது தனக்கு வராது என்று முடிவே கட்டிவிடுகிறது. அந்த ஆண்டில்தான் செகாக் உடல்திறன் சோதனையும் தொடங்குகிறது. 3 நிமிடம் பலகையில் ஏறி இறங்குவதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். எடை பார்ப்பதுதான் கொடுமை. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எண்ணை எட்டிப் பார்ப்பார்கள். இப்போது எடைக் கருவியைத் தனி அறையில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன்.

நாம் வைக்கிற விளையாட்டுகளும் சரியில்லை. பந்து பட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும் என்றால், முதலில் உட்காருபவன் யார்? அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான். என் வகுப்பில் பந்து பட்டவர் எதிர் அணிக்குப் போய்விடுவார். ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காருவதில்லை.

ஒரு பையன் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்று, "டீச்சர், நெஞ்சு படபடன்னு அடிக்குது, செத்துடுவேனா?" என்று கேட்டான். முகத்தில் உண்மையான பயம். அவனுக்கு நோய் எதுவும் இல்லை என்று அம்மாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவனைக் கூப்பிட்டு, அவன் மணிக்கட்டில் இவன் விரலை வைத்தேன். "இவனுக்கும் அடிக்குது!" மூச்சு வாங்குவது ஓடுகிற எல்லாருக்கும் உண்டு என்பதை அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வீசிங் உள்ள பிள்ளைகள் கதை வேறு. அவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர் கையோடு இருக்க வேண்டும், உடலை மெல்லச் சூடேற்ற வேண்டும். அதற்காக வருடம் முழுக்க விலக்குக் கடிதம் தேவையில்லை.

5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, விட்டு விட்டுச் சேர்த்தாலும் கணக்குதான். அந்த நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்த அளவு எட்டவில்லை. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். ஆறாம் ஆண்டுப் பெண்கள் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே ஓடுவதைப் பார்த்தால் காரணம் கொஞ்சம் புரியும். பையன்கள் இல்லாத மூலையில் ரப்பர் கயிறு கட்டிக் கொடுத்தால் அவர்களே மணி அடிக்கும்வரை குதிக்கிறார்கள்.

பெற்றோர் வந்தால் நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஞாயிறு காலை தித்திவங்சா ஏரிப் பூங்காவில் பிள்ளையை ஓட விட்டுவிட்டு அப்பா பெஞ்சில் கைப்பேசி பார்த்தால், கொஞ்ச நேரத்தில் பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நீங்களும் பந்தோடு இறங்குங்கள் என்பேன். சில அப்பாக்கள் சரி என்கிறார்கள். சிலருக்கு உடனே முட்டிவலி வந்துவிடுகிறது.