பட்டாளத்துக்காரர் காலமான பிறகு

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்த ஒருவர் இறந்துவிட்டால், தேசியக் கொடி போர்த்தலாமா என்ற பேச்சுதான் முதலில் எழும். ஊருக்கே அந்த ஆசை இருக்கும். ஆனால் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி அரசு மரியாதையோ, முப்படை அல்லது துணை ராணுவ மரியாதையோ நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடி போர்த்தலாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்து காலமானவருக்கு அது தானாக வந்துவிடாது. அப்படி மரியாதை நடக்கும் இடத்திலும் காவி நிறம் தலைமாட்டில் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் வைத்து எரிக்கவோ கூடாது. மற்ற இடங்களில் உடன் பணியாற்றியவர்கள் மாலை போட்டு, வரிசையாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லாத அந்த மரியாதையே பெரியது என்று எனக்குத் தோன்றும்.

கருமாதி முடிந்து வீட்டுக்காரம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தெரியவரும். பெரும்பாலும் அது இறப்புச் சான்றிலேயே ஆரம்பித்திருக்கும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெயரில் பதிவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஊரில் 'மாதையன்' என்று கூப்பிட்டிருப்பார்கள், ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா பெயரும் சேர்ந்த நீளப் பெயர். பதியப் போகும்போதே டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் கொண்டுபோய், அதில் உள்ளபடி எழுதச் சொன்னால் பிறகு பல மாத அலைச்சல் மிச்சம்.

அடுத்தது மனைவியின் பெயர். குடும்ப ஓய்வூதியம் கிடைக்க, பிபிஓ எனும் ஓய்வூதிய ஆணையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஏறியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் யூனிட்டில் சொல்லி, குடும்ப விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போட்டிருப்பார்கள். வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதில் முனியம்மாள் 'முன்னி அம்மா' ஆகியிருப்பார். பிறந்த தேதியோ, கணவர் குத்துமதிப்பாகச் சொன்னது. ஆதாரில் வேறு தேதி, பெரும்பாலும் ஜனவரி 1. மாவட்டப் பெயர் வேறாக இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1965 வரை சேலம், பிறகு தருமபுரி, சில ஊர்களுக்கு 2004 முதல் கிருஷ்ணகிரி என்று மாவட்டம் மாறி வந்த பகுதி இது. பெயரிலும் தேதியிலும் ஓர் எழுத்து பிசகினால்தான் ஃபைல் திரும்பி வரும்.

கணவர் உயிரோடு இருக்கையில் இதைத் திருத்துவது சுலபம். பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், மனைவியின் ஆதார் ஆகியவற்றின் நகலோடு உறுதிமொழிப் பத்திரம் இணைத்து, அவரது படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினால் திருத்தப்பட்ட பிபிஓ வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். பட்டாளத்துக்குப் பிறகு டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரில் இன்னொரு ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. ஒன்றில் திருத்தினால் மற்றதில் மாறாது. முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தவர்கள் அவரது இறப்புச் சான்றையும் மறுமணச் சான்றையும் தாங்களே அனுப்பிவிட வேண்டும். இதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்ட ஆண்கள் எத்தனையோ பேர். பெல்ட்டும் பூட்ஸும் பளபளவென்று வைத்திருந்தவர்கள்தான் அவர்களும்.

தொகை விஷயத்திலும் குழப்பம் உண்டு. வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் 67 வயதுக்குள் இறந்தால், 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 நிரம்பியிருக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம். அது முடிந்த மாதம் பணம் குறைந்ததும் வங்கி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போகிறார்கள்.

இறந்த செய்தியை, படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உடனே பதிய வேண்டும். பதியாவிட்டால் பென்ஷன் அவர் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். மகன் ஏடிஎம்மில் எடுத்துச் செலவழித்திருப்பான். இறந்த நாளுக்குப் பிந்தைய தொகை முழுவதையும் திரும்பக் கேட்பார்கள், பிறகு அந்த அம்மாவின் நிலுவைத் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். கணவரின் இசிஹெச்எஸ் கார்டை (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை) ஒப்படைக்கும்போது ரசீது வாங்கி, ஆர்மி நம்பர் எழுதிய பக்கத்தோடு சேர்த்து வைப்பது நல்லது. அந்த நம்பர் தெரியாமல் ரெக்கார்ட் ஆபீசில் எதையும் தேட முடியாது.